ஈஜிபுராவிலிருந்து வந்த நாலாவது ஆள்

இது எனக்கு நடந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கோ, தோழியின் தோழிக்கோ நடந்ததில்லை.

நான் பயந்தாங்கொள்ளி கிடையாது. பேய்ப்படம் ஓடும்போது தியேட்டரில் சத்தமாகச் சிரித்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியவள். சாமி கும்பிடுவேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அவ்வளவுதான். மற்றபடி எண்களை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவள். நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். ஆனால் படித்து முடித்துவிட்டு, "அப்புறம் அந்தக் குழந்தை என்ன ஆச்சு?" என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

பெங்களூரில் மக்கள்தொகை ஆராய்ச்சி செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். ஈஜிபுராவிலும் அதைச் சுற்றியும் சில ஆயிரம் வீடுகளுக்கு எங்கள் ஆட்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டேப்லெட்டோடு போவார்கள். யார் பிறந்தது, யார் இறந்தது, யார் வந்தது, யார் போனது என்று கேட்டு எழுதுவார்கள். அதெல்லாம் எங்கள் சர்வருக்கு வரும். அந்தத் தரவில் இருக்கிற குப்பையைப் பொறுக்கிவிட்டு, கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி கோப்பாக்கி ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்புவது என் வேலை.

இந்த வேலையில் சில விதிகள் உண்டு. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரு வீடு. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண். குழந்தையின் பதிவில் அதன் அம்மாவின் வரிசை எண் இருக்கும், அதை வைத்துத்தான் எந்தக் குழந்தை யாருடையது என்று மென்பொருளுக்குத் தெரியும். அப்புறம் முக்கியமான விதி: ஒருவர் ஒரு வீட்டை விட்டுப் போனால், ஒன்று செத்திருக்க வேண்டும் அல்லது எங்கே போனார் என்று காட்ட வேண்டும். சும்மா காணாமல் போக முடியாது. கணக்கில் ஒரு ஆள் தொங்கிக்கொண்டிருந்தால்கூட அந்த ஆறு மாதச் சுற்றை மூட விடாது எங்கள் மென்பொருள். அதன் பிடிவாதத்துக்கு என் மாமியார் தேவலாம்.

போன ஜூன் மாதம். கோப்பை அனுப்ப வேண்டிய கடைசி நாள், வெள்ளிக்கிழமை. சாயந்தரம் வரை உட்கார்ந்து எல்லாப் பிழைகளையும் தீர்த்துவிட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி நின்றது.

ஒரு பெண். வயது முப்பத்துநாலு. பெயர் என்கிற இடம் காலி. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'உறவில்லை' என்று இருந்தது. போன சுற்றில் ஈஜிபுராவில் ஒரு வாடகை வீட்டில் நாலாவது ஆளாக இருந்தாள். இந்தச் சுற்றில் அங்கே இல்லை. வேறு எந்த வீட்டிலும் வந்து சேரவும் இல்லை.

அந்தத் தெருவுக்குப் போன பாமாவைக் கூப்பிட்டேன். எங்கள் களப் பணியாளர்களிலேயே கெட்டிக்காரி பாமாதான். ஒரு வீடு விடமாட்டாள்.

"அந்த லேடி எங்க போனாங்க பாமா?"

"அப்படி யாருமே இல்லேன்றாங்க மேடம். எப்பவுமே இருந்ததில்லையாம்."

"போன தடவை நீதானே போட்டிருக்க?"

"நான்தான். பேசிட்டே இருக்கறப்போ உள்ள கிச்சன்லேருந்து, 'என்னையும் எழுதிக்கோ'ன்னு ஒரு குரல் வந்துச்சு. கூடத் தங்கியிருக்கற யாரோன்னு எழுதிக்கிட்டேன். வயசு கேட்டேன், சொன்னாங்க. பேர் கேட்டேன்... சொல்லலை."

அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன்.

எங்கள் மாதிரி இடங்களில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்க ஒரு பொய் வீடு வைத்திருப்போம். எங்கள் பொய் வீட்டில், புதிதாகப் பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு, என் குடும்பத்தையே போட்டிருந்தேன். ஒன்று லாயிட், என் கணவர். இரண்டு நோரா, நான். மூன்று லீனா, எங்கள் ஆறு வயது மகள். முகவரிகூட எங்கள் அல்சூர் வீட்டு முகவரிதான். கோப்பு வெளியே போகும்போது அந்த வீடு தானாக விலகிவிடும். யாருக்கும் தெரியாது.

தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை அந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

'நாலாவது ஆளாகச் சேர்க்கவா?' என்று திரை கேட்டது. ஓகே அழுத்தினேன். பிழைகள்: பூஜ்யம். எங்கள் மேலாளர் ஓஸ்வால்ட் சார் எட்டிப் பார்த்து, "சபாஷ் நோரா" என்றார். அப்போது மணி 5.40. நிம்மதியாக மெட்ரோ ஏறி வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தது.

லாயிட்டுக்கு அத்திபெலேயில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார், வெறும் வயிற்றோடு. அதனால் காலையில் வீட்டில் நானும் லீனாவும் மட்டும்தான். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். பால் வைக்க அடுப்பில் கை வைத்தால்... பர்னர் சூடாக இருந்தது. அப்போதுதான் யாரோ அணைத்த மாதிரி. லாயிட் டீ போட்டிருப்பார் என்று நினைத்தேன். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் டீ போட்டு நான் பார்த்ததில்லை.

குளித்துவிட்டு வந்தேன். லீனா யூனிபார்மில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து வாரி, இரட்டைப் பின்னல். இழுத்து இறுக்கிப் பின்னி, நுனியை மடித்து ரிப்பன் கட்டியிருந்தது. எனக்கு அப்படிப் பின்ன வராது. நான் போடுவது ஒரு குதிரைவால், அதுவும் கோணல்.

"யாருடா பின்னினது?"

"அம்மா."

"நான் எங்கடா பின்னினேன்?"

லீனா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நீங்க இல்ல" என்றாள்.

அவள் என்னை எப்போதும் 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. அதோடு மறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், மறக்க விரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை லஞ்ச் பாக்ஸ் காலியாக வந்தது. அதுவே அதிசயம். லீனா பாதி சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவருகிற ஜாதி. மூடியைத் திறந்தேன். நான் கட்டிக் கொடுத்தது எலுமிச்சை சாதம். டப்பாவில் இருந்தது புளியும் எண்ணெயும் கலந்த வாசம்.

"கத்தரிக்கா சூப்பரா இருந்துச்சு" என்றாள்.

எங்கள் வீட்டில் கத்தரிக்காய் வாங்குவதே இல்லை. லாயிட்டுக்கு ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். டப்பாவை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினேன். லாயிட்டிடம் சொன்னேன். "வேன்ல பசங்க மாத்திக்கிட்டிருப்பாங்க, விடு மேன்" என்றார்.

புதன்கிழமை ராத்திரி லீனாவைத் தூங்க வைக்கப் பக்கத்தில் படுத்தேன். அவள் சுவர் பக்கமாக நகர்ந்தாள்.

"அது அம்மா இடம், ஆன்ட்டி."

ஆன்ட்டி...

என் வயிற்றில் பெற்ற பிள்ளை. மூன்றே நாளில் நான் ஆன்ட்டி ஆகிவிட்டேன். விளக்கைப் போட்டேன். அறையில் யாரும் இல்லை. ஆனால் அவள் காட்டிய இடத்தில், படுக்கை விரிப்பு ஒரு ஆள் அகலத்துக்குக் கசங்கியிருந்தது. நான் அன்று ஹாலில் உட்கார்ந்தே விடிய வைத்தேன். பேயைவிட, என் குழந்தை என்னை அந்நியமாகப் பார்த்ததுதான் என்னைக் கொன்றது.

வியாழக்கிழமை. வெளியே தூறல். அலுவலகத்தில் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். 5.15க்கு லாயிட் போன் செய்தார். அந்த வாரம் அவர் நாலு மணிக்கே வந்து லீனாவைப் பார்த்துக்கொள்வார்.

"நோரா, எப்ப வந்த? சொல்லவே இல்ல."

"எங்க வந்தேன்?"

"கிச்சன்ல பாத்திரச் சத்தம் கேட்டுச்சு. 'நோரா'ன்னு கூப்பிட்டேன். 'ம்'னியே?"

"நான் ஆபீஸ்ல இருக்கேன், லாயிட்."

போனில் தூரத்தில் ஒரு கரண்டி பாத்திரத்தில் தட்டும் சத்தம் எனக்கே கேட்டது. டக்... டக்... டக்.

"லீனா எங்க?" என்று கத்தினேன்.

"கிச்சன்ல" என்றார்.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. என்ன உறைத்தது என்று கேட்டால் நியாயமான பதில் கிடையாது. என் கை தானாகப் போய் அந்தப் பொய் வீட்டைத் திறந்தது.

வரிசை எண் ஒன்று, லாயிட். குடும்பத் தலைவர்.

வரிசை எண் நாலு. பெயர் காலி. உறவு: மனைவி.

வரிசை எண் இரண்டு. நோரா. உறவு: உறவில்லை.

வரிசை எண் மூன்று. லீனா. அம்மாவின் வரிசை எண்...

நாலு.

நான் மாற்றவில்லை. அந்த வீட்டைத் திறக்க என் கடவுச்சொல் வேண்டும். அது என்னைத் தவிர யாரிடமும் கிடையாது.

நாலை அழித்துவிட்டு இரண்டு என்று அடித்தேன். சேமித்தேன். திரை ஒரு தடவை இமைத்தது.

நாலு.

மறுபடி அடித்தேன்.

நாலு.

அவளையே நீக்கிவிடப் பார்த்தேன். மென்பொருள் விடவில்லை. ஒருமுறை எழுதிய ஆளை நீக்க முடியாது. ஒன்று மரணம், இல்லையென்றால் இடமாற்றம். மரணம் என்று போட்டால் ஒரு நீளமான கேள்விப் படிவம் வரும். எப்படி இறந்தார், கூட யார் இருந்தது என்று அந்த வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். யாரிடம் கேட்பேன்? யார் பதில் சொல்வார்கள்? அதை நினைக்கவே முடியவில்லை.

இடமாற்றம்தான் வழி. எங்கே அனுப்புவது? குடும்பம் இருக்கிற வீட்டுக்கு அனுப்ப மனசு வரவில்லை. பூட்டிக் கிடக்கிற வீடுகளைத் தேடினேன். ஈஜிபுராவில் ஒரு சந்தில், ரெண்டு வருஷமாக ஆள் இல்லாத ஒரு வீடு. இடிக்கப் போகிறார்கள் என்று குறிப்பு இருந்தது.

அங்கே அனுப்பினேன்.

திரையில் ஏதேதோ கேள்விகள் வந்தன. ஓகே. அடுத்தது. ஓகே. இன்னொன்று, கொஞ்சம் நீளமாக. எங்கள் வேலையில் யாரும் அதையெல்லாம் படிப்பதில்லை. ஓகே.

போன் இன்னும் காதில் இருந்தது. கரண்டிச் சத்தம்... நின்றுவிட்டது.

"லாயிட்?"

"நின்னுடுச்சு" என்றார். மூச்சு வாங்கியது. "கிச்சன்ல யாரும் இல்ல."

"லீனா?"

"இங்கதான் இருக்கா. தரையிலயே தூங்கிட்டா. எப்படி இவ்ளோ சீக்கிரம் தூங்கினான்னு தெரியல..."

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். லீனா எழுந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "அம்மா" என்றாள். நான் அழுத அழுகை கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, அத்தனை சந்தோஷமாக வீடு திரும்பினோம்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பு சூடாக இல்லை. சத்தம் இல்லை. லீனா தங்கமான பிள்ளையாகிவிட்டாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள். டீச்சர் கூப்பிட்டு, கையெழுத்து அழகாகிவிட்டது என்றார். காய்ச்சலுக்கு ஊசி போட்டபோது அழவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பாராட்டினார். நானும் பெருமைப்பட்டேன். எந்த அம்மாதான் பெருமைப்பட மாட்டாள்?

டிசம்பர். அடுத்த சுற்று ஆரம்பித்திருந்தது. நான் லீவில் வீட்டில் இருந்தேன். பால்கனியில் நட்சத்திர விளக்கு கட்டிக்கொண்டிருந்தோம். நான் ஸ்டூலில் ஏறி நிற்க, லீனா கீழே நின்று ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாமா போன் செய்தாள்.

"மேடம், ஒரு டவுட்டு. அந்த இடிக்கப்போற வீடு இருக்குல்ல, பூட்டின வீடுன்னு போட்டிருக்கோமே? இப்ப ஆள் இருக்காங்க."

நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் போனைக் காதோடு அழுத்தினேன்.

"கதவைத் தட்டினேன். திறக்கலை. உள்ளேருந்தே எல்லாம் சொன்னாங்க. ரெண்டே பேரு. ஒரு லேடி, முப்பத்துநாலு. ஒரு பொண்ணு."

"வெளில பூட்டு இருந்துச்சா, பாமா?"

"பேசேஜ் ஒரே இருட்டு மேடம், பாக்கலை... அந்தப் பொண்ணு பேரு லீனாவாம். ஆறு வயசு. நம்ம பாப்பா பேருதான், இல்ல?"

நான் கீழே பார்த்தேன். ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்தது.

உடனே ஈஜிபுராவுக்குப் போனேன். பாமாவும் வந்தாள். வீட்டுச் சொந்தக்காரர் முனிராஜ் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். கதவில் துருப்பிடித்த பூட்டு. சாவி திரும்பவில்லை, கல்லால் அடித்துத்தான் உடைத்தார்.

"யாரும்மா இருப்பாங்க இதுல? கரண்ட் இல்ல, தண்ணி இல்ல" என்றார். "உள்ள போகவேணாம், கூரை பூரா லூஸா இருக்கு."

போனேன். தூசி, இடிந்த சுவர், ஒரு உடைந்த வாளி. யாரும் இல்லை. "லீனா" என்று கூப்பிட்டேன். முனிராஜ் பாமாவைப் பார்த்தார். இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். பாமாதான் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

அலுவலகத்துக்குப் போய்ப் பதிவுகளைத் திறந்தேன். ஜூன் மாதம், அதே நிமிஷத்தில், இரண்டு பேர் என் வீட்டிலிருந்து இடம் மாறியிருந்தார்கள். நான் படிக்காமல் ஓகே அழுத்திய அந்த நீளமான கேள்வி எங்கள் மென்பொருளின் பழைய விதிதான். அம்மா இடம் மாறினால் குழந்தையும் கூடவே மாறும்.

என் வீட்டில் இப்போது இரண்டே பேர். லாயிட், நான்.

திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். அம்மாவின் வரிசை எண் நாலு என்று இருக்கிறவரை குழந்தை தனியாக வராது. இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டால், பழையபடி நான் யார்? அதற்கும் துணிந்துவிட்டேன். இருவரையும் சேர்த்தே கூப்பிட்டேன். 'அந்த வீட்டில் சம்மதிக்கவில்லை' என்று வந்தது. அப்படி ஒரு செய்தி எங்கள் மென்பொருளிலேயே கிடையாது. அதை எழுதிய கம்பெனியிடமே கேட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு பேட்டியிலும் கொஞ்ச நேரம் டேப்லெட் தானாக ஒலிப்பதிவு செய்யும். களப்பணியாளர் ஒழுங்காகக் கேள்வி கேட்டாரா என்று சரிபார்க்க. பாமா அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோதும் பதிவானது. லாயிட் ஒரு தடவைதான் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அன்றிலிருந்து ஹாலில் படுக்கிறார், எங்கள் அறைக்குள் தூங்குகிற குழந்தையின் பக்கம் போவதில்லை. அந்தக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது நான். அதுவும் என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறது, நான் என்ன செய்ய?

பதிவில் முதலில் பாமாவின் குரல். அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், நிதானமாக, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறது. கடைசியில் பாமா, குழந்தையின் அம்மா பெயரைக் கேட்கிறாள். பெண் குரல் பேசவில்லை. இரைச்சல்... மூச்சு...

பிறகு கதவை ஒட்டி, ரொம்பத் தாழ்வாக, பாமாவுக்கு அன்று கேட்காத ஒரு சின்னக் குரல்.

"எங்கம்மா பேரு நோரா. ஆபீஸ் போயிருக்காங்க. சாயந்தரம் வந்து என்னைக் கூட்டிட்டுப் போவாங்க."